பார்வையாளர் கருத்துகளைப் பாதுகாப்பது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கண்காட்சிக்கு வருபவர்கள் எழுதும் கருத்துப் பதிவேடு நிரம்பியதும் பரணில் போட்டுவிடுகிறோம். வேறு என்ன செய்யலாம்?

பதில்: பரணில் ஏற்றுவதற்கு முன் அதன் முதல் பக்கத்தில் எழுதுங்கள்: எந்தக் கண்காட்சி, எந்த அறை, எந்தத் தேதியிலிருந்து எதுவரை. முக்கியமாக, பதிவேட்டுக்கு மேலே என்ன கேள்வி எழுதி வைத்திருந்தீர்கள் என்பது. "அழகு, ஆனால் வெளிச்சம் போதவில்லை" என்ற வரி இன்று உங்களுக்குப் புரியும். இருபது வருடம் கழித்துப் படிப்பவருக்கு எந்த வெளிச்சம் என்று எப்படித் தெரியும்? கேள்வியைத் தொலைத்துவிட்டால் பதிலும் பாதி தொலைந்த மாதிரிதான். அறையை நான்கு போட்டோ எடுத்துக் கூடவே வையுங்கள்.

சரி, பரண். சூடும் ஈரமும் ஏறி இறங்கும் இடம் அது, வேண்டாம். அமிலமில்லாத அட்டைப் பெட்டியில், படுக்கைவாட்டில் வையுங்கள். ஸ்டேப்ளர் பின்னையும் ஜெம் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். துரு காகிதத்தை அரித்துவிடும்.

கேள்வி: எழுத என்ன பேனா வைப்பது?

பதில்: பென்சில். வெளிச்சத்தில் மங்காது, தண்ணீரில் கரையாது. சாய மை நிரப்பிய ஸ்கெட்ச் பேனா பெரும்பாலும் இரண்டுக்கும் தாங்காது.

கேள்வி: சுவர் முழுக்க ஒட்டுத்தாள்கள். அத்தனையும் வைத்திருக்க வேண்டுமா?

பதில்: பிரிப்பதற்கு முன்பு சுவரை அப்படியே படம் எடுங்கள், தினமும். ஒருவர் எழுதியதற்குக் கீழே இன்னொருவர் அம்புக்குறி போட்டுப் பதில் சொல்லியிருப்பார். தனித்தனியாக எடுத்தால் அந்த உரையாடல் போய்விடும். தாள்களில் எவற்றை வைத்துக்கொள்வது என்பதை முன்கூட்டியே எழுதி முடிவு செய்யுங்கள். வாஷிங்டனில் 1982-இல் எழுப்பிய வியட்நாம் போர் நினைவுச் சுவரில் மக்கள் விட்டுச்செல்லும் கடிதங்களையும் பொருட்களையும் அந்த நினைவிடத்தைப் பராமரிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான தேசியப் பூங்கா சேவை சேகரித்து வருகிறது. அங்கேயும் பூக்கள் போன்ற அழுகும் பொருட்களைச் சேர்ப்பதில்லை. வைத்திருக்கும் தாள்களுக்கு நடுவில் அமிலமில்லாத தாள் செருகுங்கள். பசை பக்கத்துத் தாளில் ஒட்டும்.

கேள்வி: சிரித்த முகம், சோகமுகப் பொத்தான்கள் போதாதா?

பதில்: எண்ணிக்கை கிடைக்கும், காரணம் கிடைக்காது.

கேள்வி: தொடுதிரையில் வரும் கருத்துகளும் ஒலிப்பதிவுகளும்?

பதில்: கருத்துக்கணிப்புத் தளத்திலேயே விட்டுவைக்காதீர்கள். சந்தா நின்றால் தரவும் போய்விடக்கூடும். மாதாமாதம் சிஎஸ்வி (CSV) என்ற எளிய அட்டவணைக் கோப்பாக, தமிழ் எழுத்துகள் சிதையாத யுடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒலியை எம்பி3-இல் சுருக்காமல் தரம் குறையாத வேவ் (WAV) கோப்பாகவும், ஸ்கேன்களை அதேபோல டிஃப் (TIFF) படக் கோப்பாகவும் வையுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டடத்தில். வருடம் ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்காத ஹார்டு டிஸ்க் பத்திரமாக இருக்கிறது என்று நம்ப முடியாது.

கேள்வி: பெயர், போன் எண் எழுதிவிடுகிறார்களே?

பதில்: நீங்களாகக் கேட்காதீர்கள், வயதுப் பிரிவு போதும். எழுதியிருந்தால் மூலத்தில் கறுப்பு மை பூச வேண்டாம். வெளியே காட்டும் பிரதியில் மட்டும் மறையுங்கள், மூலத்தைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று வையுங்கள்.

கேள்வி: திட்டி எழுதிய பக்கங்களைக் கிழித்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து கிழிக்காதீர்கள். நான் கையாண்ட ஒரு பதிவேட்டில் நடுவில் மூன்று பக்கம் இல்லை. மிச்சமிருந்த பாராட்டுகளை அதன்பிறகு என்னால் நம்பிப் படிக்க முடியவில்லை. "இந்தப் பொருளின் பெயர் தவறு, என் பாட்டி வேறு மாதிரி சொல்வார்" என்று கோபமாக எழுதுபவர், உங்கள் பெயர்ப்பலகைக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். விசாரித்து, பலகையை மாற்றினால், மாற்றிய தேதியையும் பழைய பலகையின் படத்தையும் அந்தப் பக்கத்தோடு சேர்த்து வையுங்கள்.