காலே சுற்றிப் போகிறது

கேள்வி: சமூகவியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். நம் நடத்தையைச் சமூகம்தான் உருவாக்குகிறது என்று வகுப்பில் சொல்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. படிப்பு, உடை, தோழிகள் எல்லாமே நானாகத் தேர்ந்தெடுத்தவை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தியதில்லை. பாடம் தவறா, நான் தவறா?
– கல்லூரி மாணவி, மண்டபம்

பதில்: மகளே, என் கதை ஒன்றைச் சொல்கிறேன். அப்பா கரையில் வலை காயப்போட்டிருப்பார். பெண்பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மீன் படாது என்பார்கள். ஆறு வயதில் ஒரு முறை தாண்டிவிட்டேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வலை பொத்திக்கொண்டிருந்த பெரியப்பா மட்டும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான்.

எனக்கு இப்போது 62 வயது. முப்பது வருடம் சமூகவியல் கற்றுக்கொடுத்திருக்கிறேன். பெண் தாண்டுவதற்கும் மீன் படுவதற்கும் சம்பந்தமில்லை என்று நன்றாகவே தெரியும். ஆனாலும் போன வாரம், விடியற்காலை, ஆளில்லாத கரையில் வலை விரித்துக் கிடந்தது. கால் தானாகச் சுற்றிப் போனது. பாதி தூரம் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. பெரியப்பா இறந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அவர் பார்வை இன்னும் என் காலுக்குள் இருக்கிறது.

இதைத்தான் பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் 1895-ல் 'சமூக உண்மை' என்று விளக்கினார். நாம் பிறக்கும் முன்பே இருக்கும் நடைமுறைகள், நம்மை உள்ளிருந்து இயக்கும் அளவுக்குப் பழகிவிடுகின்றன. அவற்றோடு ஒத்துப்போகும்வரை கட்டாயம் தெரியாது, மீறும்போதுதான் தெரியும் என்றார். கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் இன்னும் எளிதாகச் சொல்வார்கள். நீவாட்டோடு, அதாவது நீரோட்டத்தின் போக்கிலேயே, வல்லம் போனால் தண்ணீர் ஓடுவதே தெரியாது. எதிர்த்துத் துடுப்புப் போட்டால் தோள் சொல்லும்.

நீ கட்டாயத்தை உணரவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உன் தெருவில் உனக்கு முன்னால் எத்தனை பெண்கள் கல்லூரிக்குப் போனார்கள் என்று எண்ணிப் பார். அவர்கள் போட்ட தடத்தில் நீ நடக்கிறாய். எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குப் படிக்கப் போனவர்கள் முதலில் நாங்கள் இரண்டே பேர். தெருவே பேசியது. தோழி மட்டும் இல்லையென்றால் அப்பா அனுப்பியிருக்க மாட்டார், நானும் கேட்டிருக்க மாட்டேன்.

1950-களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள இன்னொன்றைச் சொல்லச் சொன்னார். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் உடனிருந்தவர்கள் எல்லாரும், முன்பே பேசிவைத்தபடி, ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். அப்போது சோதனைக்கு வந்தவர்கள் சொன்ன விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகிப்போயின. அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, அந்தத் தவறு கால்பங்காகக் குறைந்தது. பாடமாக நடத்திய ஒவ்வொரு முறையும் எனக்குத் தோழியின் முகம்தான் ஞாபகம் வரும்.

சமூகம் என்றால் தடை மட்டுமே என்று நினைத்துவிடாதே. என் அம்மா கடல்பாசி எடுத்தவர். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் கிழிந்த சேலைத்துணியைச் சுற்றிக்கொண்டு முங்குவார். இன்று பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மற்ற நாளில் பாசி வளரட்டும் என்று. ஒருத்தி மட்டும் நிறுத்தினால் அவள் அடுப்புதான் அணையும். எல்லாரும் சேர்ந்து நிறுத்தினால்தான் அது நடக்கும். இதுவும் சமூகம்தான், மகளே.

கேள்வி: 'அப்பா வந்தாக' என்று பேசிய என் மகன், சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததும் 'வந்தாங்க' என்கிறான். எங்களை மறந்து நடிக்கிறானோ என்று வருத்தமாக இருக்கிறது.
– ஒரு தாய், கீழக்கரை

பதில்: வருந்தாதீர்கள், அம்மா. மனிதர்கள் யார் முன்னால் நிற்கிறார்களோ அதற்கேற்பத் தங்களைக் காட்டிக்கொள்கிறார்கள் என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் விரிவாக எழுதியிருக்கிறார். அது பொய்யல்ல, எல்லாரும் செய்வதுதான். அலுவலகத்தில் நாலு பேர் சிரித்தால் நாக்கு தானே திருத்திக்கொள்ளும். மதுரை விடுதியில் நானும் 'வந்தாங்க' என்றுதான் பேசினேன். விடுமுறைக்கு ஊருக்குத் திரும்பும்போது, பஸ் பரமக்குடி தாண்டியதும், பக்கத்து இருக்கை ஆச்சியிடம் 'அம்மா ஸ்டாண்டுக்கு வந்திருப்பாக' என்று என் வாய் தானாகச் சொல்லும்.