மாடியில் தனியாக இருக்கும் அம்மாவும் வரப்போகும் கத்திரி வெயிலும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. வேலூரில் எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறார். கீழ்த்தளத்தில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடும் மாத்திரையில் நீர் பிரியச் செய்யும் மருந்தும் சேர்ந்திருக்கிறது. சென்ற கோடையில் இரண்டு முறை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். நான் சென்னையில் இருக்கிறேன். ஏசி வாங்கி வைத்தால் போதுமா?

பதில்: வசதி இருந்தால் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் அது மட்டும் போதாது.

முதுமையில் உடல் நீரை இழந்த பிறகும் தாகம் சரியாகத் தெரிவதில்லை, வியர்வையும் முன்போல் சுரப்பதில்லை; ஆகவே தாகம் எடுத்தால் குடியுங்கள் என்று தொலைபேசியில் சொல்வது உங்கள் அம்மாவுக்குப் பயன்படாது. இரவில் எழுந்து கழிப்பறைக்கு நடக்க வேண்டுமே என்று அஞ்சி, மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் வயதான பெண்கள் பலரை நான் பார்க்கிறேன். கூச்சத்தால் அவர்களாகச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சித்திரை பிறப்பதற்குள் அவருடைய மருத்துவரிடம் அழைத்துச் சென்று, கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உப்புக் குறைத்த நீர்மோர் தினமும் குடிக்கலாம். ஓ.ஆர்.எஸ். கரைசல் வயிற்றுப்போக்கோ மிகுந்த வியர்வையோ ஏற்படும் நாளுக்குத்தான். இரத்த அழுத்தம் உள்ளவர் அதைத் தினசரிப் பானமாக்கக் கூடாது.

நாள் முழுதும் காய்ந்த கான்கிரீட் தளம், வெயில் இறங்கிய பிறகும் வெப்பத்தை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். அறை 40 டிகிரியை எட்டிவிட்டால் மின்விசிறி அனல்காற்றைத்தான் வீசும். அப்போது ஈரத்துணியால் கை, கால், கழுத்தைத் துடைத்துக்கொண்டு விசிறியடியில் அமர்வதே உடலைக் குளிர்விக்கும். மின்சாரம் தடைப்பட்டால் ஏசியும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில் ஒரு பாட்டியை என்னிடம் தூக்கி வந்தார்கள். காலையில் வாசல் கேட்டில் மாட்டிய பால் பை பதினோரு மணியாகியும் அங்கேயே தொங்குவதைப் பார்த்த எதிர்வீட்டுப் பெண், கதவைத் தட்டி உள்ளே போயிருக்கிறார். பாட்டி அவரைத் தம் அக்காவென்று நினைத்து ஏதேதோ பேசியிருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் நான் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது சந்தேகமே. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில நாள் வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தனியாக வாழ்ந்தவர்களும் வீட்டைவிட்டு வெளியே வராதவர்களும் அதிகம் பாதிக்கப்பட்டதையும், ஏசி இருந்தவர்களுக்கும் அக்கம்பக்கத்துடன் பழக்கம் இருந்தவர்களுக்கும் ஆபத்து குறைந்திருந்ததையும் பின்னர் ஆராய்ந்து கண்டார்கள். நம் தெருக்களில் திண்ணை இருந்தவரை, பிற்பகலில் யார் வெளியே வரவில்லை என்பது பக்கத்து வீட்டுக்குத் தானாகத் தெரிந்துவிடும். இப்போது கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறோம்; அதனால் இதைக் கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது.

கீழ்வீட்டுக் குடும்பத்திடம் பேசுங்கள். பிற்பகல் இரண்டு மணி முதல் வெயில் தணியும்வரை அம்மா கீழே ஓர் அறையில் இருக்க இடம் கேளுங்கள். கீரை ஆய்ந்துகொண்டோ, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டோ அவர் இருக்கட்டும், அவரும் பாரமாக உணரமாட்டார். பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் போனாலோ, உடல் கொதித்தாலோ அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே கொண்டு, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைக்கலாம். நினைவு தடுமாறியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. இவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, உங்கள் எண்ணையும் சேர்த்து, மாடி வீட்டின் மாற்றுச் சாவியுடன் அவர்களிடம் நேரில் கொடுத்துவிட்டு வாருங்கள்.