பொலிவியாவுக்காகப் பேசப் போகும் பாலக்கோட்டுப் பெண்

கேள்வி: என் மகள் அரசு மகளிர் பள்ளியில் 9-ஆம் வகுப்பு படிக்கிறாள். ஓசூரில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டு நாள் மாதிரி ஐ.நா. மாநாடு நடக்கிறதாம். இங்கிலீஷ் டீச்சர் நான்கு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அதில் இவளும் ஒருத்தி. கட்டணத்தைப் பள்ளியின் பழைய மாணவிகள் கட்டுகிறார்கள். குடிநீரைப் பற்றிப் பேச வேண்டும், இவளுக்குத் தந்திருக்கும் நாடு பொலிவியா. "இந்தியா, அமெரிக்கா எல்லாம் பெரிய ஸ்கூல் பசங்களுக்குப் போயிடுச்சும்மா" என்று ஒரு நாள் முழுக்க அழுதாள். என் கணவர் தக்காளி விவசாயம் செய்கிறார். "ரெண்டு நாள் படிப்பு கெடும், ஒரு ராத்திரி வெளியே தங்கணும், இதனால மார்க் வருமா?" என்கிறார். எனக்கோ, மற்ற பிள்ளைகள் இங்கிலீஷில் பொரிந்து தள்ளும்போது பாப்பா வாயடைத்து நின்றுவிடுவாளோ என்று பயம். கடைசி நாள் பெற்றோரும் வரலாமாம். நான் போவதாக இல்லை. சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரால் என் பல்லெல்லாம் கறை, நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவே கூச்சம். இவளை அனுப்பலாமா?
— ஒரு தாய், பாலக்கோடு வட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அனுப்பலாமா என்ற கேள்விக்கு எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. அந்த ஹாலில் பேச வேண்டிய விஷயம் முழுவதும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, அது பாப்பாவுக்கு இன்னும் தெரியவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கணவருக்கும் சேர்த்து இந்த மாநாடு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஐக்கிய நாடுகள் சபையில் 193 நாடுகள் உறுப்பினர்களாக இருக்கின்றன. அவற்றின் தூதர்கள் கூடிப் பேசித் தீர்மானம் போடுவதைப் பிள்ளைகள் ஒரு பள்ளி ஹாலில் செய்து பார்க்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாடு. அந்த நாட்டின் பெயர் எழுதிய அட்டை முன்னால் இருக்கும், பிளக்கார்டு என்பார்கள். பேச வேண்டுமென்றால் அதைத் தூக்க வேண்டும். மேடையில் உட்கார்ந்து நடத்துபவர் சேர். பிள்ளை தன் சொந்தக் கருத்தைச் சொல்லக் கூடாது, தனக்குத் தந்த நாட்டின் நிலையைத்தான் சொல்ல வேண்டும். பேச்சுப் போட்டியில் கைதட்டல் வாங்கினால் போதும். இங்கே எதிரில் இருக்கும் நாடுகள் நாம் எழுதிய தீர்மானத் தாளைப் படித்துவிட்டுச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

இங்கிலீஷ் பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். உண்மையான ஐ.நா.வில் ஆறு ஆட்சி மொழிகள்: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். ஒருவர் பேசப் பேச மற்றவர்கள் காதில் மாட்டிய கருவியில் மொழிபெயர்ப்பைக் கேட்பார்கள். உங்கள் மகள் எந்த நாட்டுக்காகப் பேசப் போகிறாளோ, அந்தப் பொலிவியாவின் தூதரே அங்கே ஸ்பானிஷில்தான் பேசுவார். 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்ட், பர்மாவில் பன்டனாவ் என்ற சின்ன ஊரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். இதைப் பாப்பாவிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஓசூர் ஹாலில் மொழிபெயர்ப்பாளர் இருக்க மாட்டார், இங்கிலீஷில்தான் பேசியாக வேண்டும். எவ்வளவு பேச வேண்டும் என்று பாருங்கள். முதல் உரை பெரும்பாலும் ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம். நிதானமாகப் பேசினால் நூற்றைம்பது வார்த்தைகூட வராது. அதில் "ஹானரபிள் சேர்", "தி டெலிகேட் ஆஃப் பொலிவியா" என்று திரும்பத் திரும்ப வருவதே கொஞ்சம். அந்த உரையை எழுதி டீச்சரிடம் திருத்தி வாங்கச் சொல்லுங்கள். அப்புறம் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அவள் வாசற்படியில் நின்று படிக்கட்டும், நீங்கள் சமையலறையில் இருந்து கேளுங்கள். அர்த்தம் புரியாவிட்டாலும் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா என்று உங்களால் சொல்ல முடியும். எது விழவில்லையோ அந்த இடத்தில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்லுங்கள். பத்து நாள் இதைச் செய்தால் போதும்.

சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு மாநாட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். எங்கள் பையன் ஒருவன் முதல் நாள் முழுக்க அட்டையைத் தூக்கவே இல்லை. நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை ஒரு துண்டுத்தாளில் ஏதோ எழுதினான். சிட் என்பார்கள், பேச்சு நடக்கும்போதே ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அனுப்பும் குறிப்பு. "உங்கள் மூன்றாவது அம்சத்துக்குப் பணம் யார் தருவார்கள்?" இவ்வளவுதான் அதில் இருந்தது. அதை வாங்கிய பெண் சரளமாகப் பேசுகிறவள். தாளைப் பார்த்தாள், பக்கத்தில் காட்டினாள், அப்புறம் எழுந்து நின்று அந்தக் கேள்வியை ஹாலுக்கே படித்துவிட்டு, "எங்களிடம் இதற்குப் பதில் இல்லை" என்றாள். மதியத்துக்குள் எங்கள் பையனைச் சுற்றி ஆறேழு பேர் நின்றார்கள். கேள்வி சரியாக இருந்தால் இங்கிலீஷ் கொஞ்சம் தட்டுத் தடுமாறினாலும் கேட்கிறார்கள்.

வேறொரு இடத்தில், சேராக உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர் எங்கள் பெண் ஒருத்தியின் உச்சரிப்பை எல்லோர் முன்னாலும் திருத்தினார். அவள் சுருங்கிப்போனாள். இடைவேளையில் ஆசிரியர் நடத்துநர்களிடம் போய்ப் பேசினார், அந்த மாணவர் வந்து மன்னிப்புக் கேட்டார். அப்படி ஏதாவது நடந்தால் மறைக்காமல் உடனே டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று பாப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சரி, பொலிவியாவுக்கு வருவோம். தென் அமெரிக்காவில் கடற்கரையே இல்லாத நாடு. 1999-ஆம் ஆண்டில் அங்கே கோச்சபம்பா என்ற நகரத்தில் குடிநீர் வழங்கும் வேலையைத் தனியாரிடம் கொடுத்தார்கள். கட்டணம் ஏறியது, மக்கள் தெருவில் இறங்கினார்கள், கடைசியில் 2000-இல் அந்த ஒப்பந்தமே ரத்தானது. பத்து ஆண்டு கழித்து, 2010 ஜூலை 28 அன்று, பாதுகாப்பான குடிநீரும் சுகாதாரமும் மனித உரிமை என்ற தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது இதே பொலிவியாதான். 122 நாடுகள் ஆதரித்தன, அதில் இந்தியாவும் உண்டு. 41 நாடுகள் நடுநிலை வகித்தன. எதிர்த்து ஒரு ஓட்டுகூட விழவில்லை. குடிநீர் பற்றிப் பேசும் ஹாலில் மற்றவர்கள் எல்லாம் விருந்தாளிகள் என்றால், பொலிவியா வீட்டுக்காரி. இவளுக்கு மோசமான நாடு கிடைத்துவிட்டது என்று யார் சொன்னது?

இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும், அதற்குத் தயாராக இருக்கட்டும். ஒன்று, பொதுச்சபைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாதே, அதனால் என்ன பயன் என்பது. கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.நா.வின் மனித உரிமைகள் கவுன்சிலும் இந்த உரிமையை உறுதிசெய்தது என்று பதில் சொல்லலாம். இன்னொன்று, உங்கள் நாட்டிலேயே எல்லோருக்கும் தண்ணீர் கிடைக்கிறதா என்பது. 2016-இல் பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில் கடும் தட்டுப்பாடு வந்து, முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், அரசு அவசரநிலையே அறிவித்தது. இதை மறைக்கப் பார்த்தால் மாட்டிக்கொள்வாள். "ஆமாம், எங்களுக்கும் கஷ்டம் இருக்கிறது, அதனால்தான் முதலில் கேட்டோம்" என்று நிமிர்ந்து சொல்லட்டும்.

இப்போது உங்கள் பல்லைப் பற்றிப் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அழுக்கு இல்லை, சரியாகப் பல் விளக்காததால் வந்ததும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகளில் இருக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் வளரும் வயதில் குடித்தால் கறை நிரந்தரமாகத் தங்கிவிடும், ரொம்ப அதிகமானால் எலும்பையும் பாதிக்கும். காய்ச்சினாலும் போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு மிச்சத் தண்ணீரில் அப்படியே நிற்கும். ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீரை இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகத்தான் வந்தது. 2013-இல் தொடங்கிவைத்தார்கள். அதற்குக் கடன் கொடுத்த நாடு ஜப்பான்.

அந்த ஜப்பான் 2010-இல் பொலிவியாவின் தீர்மானத்துக்கு ஓட்டுப் போடவில்லை. நடுநிலை வகித்த 41 நாடுகளில் அதுவும் ஒன்று. 'உரிமை' என்ற சொல்லுக்கு அங்கே கை தூக்காத நாடு, நம் ஊர்க் குழாய்க்குப் பணம் தந்திருக்கிறது. பாப்பாவைக் கொஞ்ச நேரம் இதை யோசிக்க விடுங்கள். ஒரு நாட்டை ஓட்டை மட்டும் வைத்து நல்ல நாடு, கெட்ட நாடு என்று பிரித்துவிட முடியாது. ஜப்பானாக வந்திருக்கும் பிள்ளையிடம் சண்டைக்குப் போகாமல், "நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைத்தான் எழுதக் கேட்கிறோம்" என்று பேசத் தெரிந்தால் அவள் கையெழுத்து வாங்கிவிடுவாள்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் எதிரில் உட்காரச் சொல்லுங்கள். எந்தக் கிணறு, ஒரு நாளைக்கு எத்தனை குடம், உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்குக் கறை இருந்தது, தண்ணீரால் வருகிறது என்று எப்போது தெரிந்தது, யார் சொன்னார்கள், இப்போது மோட்டார் ரிப்பேர் ஆனால் எத்தனை நாள் தண்ணீர் வராது, அப்போது எதைக் குடிக்கிறீர்கள். எல்லாவற்றையும் எழுதட்டும். பொலிவியாவின் பிரதிநிதி ஹாலில் "எங்கம்மா" என்று சொல்ல முடியாதுதான். ஆனால் "ஒவ்வொரு கிராமத்தின் நீராதாரத்தையும் ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதித்து, முடிவை மக்கள் பார்க்கும் இடத்தில் அவர்கள் மொழியில் எழுதிவைக்க வேண்டும்" என்று ஒரு அம்சம் எழுத முடியும். நீங்கள் சொன்னதில் இருந்துதான் அது வரும். இணையத்தில் இருந்து பக்கம் பக்கமாக எடுத்துவரும் பிள்ளைகளிடம் அது இருக்காது.

அந்த அம்சங்களை ஒரு தாளில் எழுதிக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். நடுவில் எல்லோரும் எழுந்து கூட்டம் கூட்டமாக நின்று பேசும் நேரம் ஒன்று வரும், அன்மாடரேட்டட் காகஸ் என்பார்கள். அமைதியான பிள்ளைகள் காணாமல் போவது அங்கேதான். சத்தமாகப் பேசுகிறவர்களைச் சுற்றிக் கூட்டம் சேரும். ஆனால் தீர்மானத்தை எழுதி முடிக்க நேரம் குறைவு, அப்போது தாள் வைத்திருப்பவரைத் தேடித்தான் வருவார்கள்.

இதில் அவளுக்குச் சொல்லித்தர உங்கள் கணவரைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். தக்காளியோடு மண்டிக்குப் போகிறவர். முதலிலேயே கடைசி விலையைச் சொல்லக் கூடாது, எவ்வளவு இறங்கலாம் என்பதை மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், நாளைக்கும் அதே ஆளிடம்தான் போகணும் என்பதால் முறித்துக்கொண்டு வரக் கூடாது. தூதர்கள் செய்வதும் இதேதான். ஒரு நாள் காலை அவளையும் மண்டிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். "மார்க் வருமா" என்று அவர் கேட்பதில் தப்பே இல்லை. வராது. நாளைக்குக் கலந்தாய்வில் இந்தச் சான்றிதழ் கணக்கில் சேராது. ஆனால் அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, அப்போது இரண்டு நாள் ஒதுக்க மனசு வராது. இந்த வருடம்தான் முடியும். அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1962-இல் 83 வயதில் வாஷிங்டன் போய், அணுகுண்டு சோதனையை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் நேரில் கேட்டார். அடுத்த ஆண்டு சில நாடுகள் ஓரளவுக்கு நிறுத்தி ஒப்பந்தமும் போட்டன. நம் பக்கத்து ஆள் உலகத்தோடு பேசுவது புதிதில்லை.

ராத்திரி தங்குவதைப் பற்றி டீச்சரிடம் தெளிவாகக் கேளுங்கள். கூடப் போவது எந்த ஆசிரியை, எங்கே தங்குகிறார்கள், அறையில் யார் யார், உங்களிடம் இருக்க வேண்டிய போன் நம்பர்கள் எவை. கேட்பது உங்கள் உரிமை, சங்கடப்பட வேண்டாம். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் இரண்டு நாளும் காலையில் போய் மாலையில் திரும்ப ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். கோட்டு சூட்டுக்குக் கடன் வாங்காதீர்கள். துவைத்து இஸ்திரி போட்ட பள்ளிச் சீருடையோ சுடிதாரோ போதுமா என்று டீச்சரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

முதல் நாள் ராத்திரி போன் பண்ணுவாள். பரிசு கிடைக்குமா என்று கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, அட்டையை எத்தனை தடவை தூக்கினாய், உன் தாளில் எந்தெந்த நாடு கையெழுத்துப் போட்டது என்று கேளுங்கள். ஜப்பான் போட்டதா என்றும் கேளுங்கள். மறுநாள் காலை ராயக்கோட்டை வழியாகப் போகும் ஓசூர் பஸ்ஸில் நீங்களும் ஏறுங்கள். மேடையில் நின்று தண்ணீரைப் பற்றிப் பேசும்போது பாப்பா உங்களைத்தான் தேடுவாள்.