மூன்றாம் தடவை வேண்டாம், பௌதிகவியலுக்கு அனுப்புங்கள்

திருக்கோவில் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் கணிதப் பிரிவில் இரண்டாம் தடவையும் உயர்தரம் எழுதிவிட்டார். பெறுபேறு மோசமில்லை, ஆனால் பொறியியலுக்கான வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், பௌதிக விஞ்ஞானம் கிடைக்கும். சுவிஸில் இருக்கும் தாய்மாமன் விடுவதாயில்லை. மூன்றாம் தடவை எழுதட்டும், அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் காசு கட்டி எஞ்சினியரிங் படிக்கட்டும், பாதிச் செலவைத் தான் தருவதாகச் சொல்கிறார். மீதிப் பாதிக்கு, மகளுக்கென்று வைத்திருக்கும் வளவை விற்கலாமா என்று தகப்பன் யோசிக்கிறார். பிள்ளையோ இரவில் லப்டொப்பைத் திறந்துவைத்து, ஏதோ விண்வெளித் தொலைநோக்கி எடுத்த வரைபுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "இதில் ஒரு பிழைப்பு இருக்குமா, இல்லை பிள்ளை ஏமாந்து போகுமா?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. பெறுபேறு வந்த கிழமையிலிருந்து வீட்டுப்படி ஏறுகிற எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டு உங்களைக் களைக்க வைத்திருப்பார்கள். ஆனால் ஆறுதல் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வீட்டில் இப்போது பேசப்படுகிற இரண்டு வழியும் பிழை என்றே நினைக்கிறேன். உங்கள் அண்ணனுக்கும் கணவருக்கும் இது பிடிக்காமல் போகலாம்.

முதலில் வளவு. அதை விற்காதீர்கள். நம் பகுதியில் பெண் பிள்ளைக்கென்று ஒதுக்கிய காணி என்றால் அவள் வாழ்நாள் முழுக்கக் காலூன்றி நிற்கும் இடம். அதை ஒரு பட்டத்தின் முதல் இரண்டு வருடக் கட்டணத்துக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாம் வருடத்துக்கு யாரிடம் போவீர்கள்? அண்ணன் மனதாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்கும் அங்கே வீட்டு வாடகை, பிள்ளைகளின் செலவு எல்லாம் உண்டு. நாலு வருடத்துக்கு ஒருவருடைய மாதச் சம்பளத்தை நம்பி உங்கள் பிள்ளையின் படிப்பைக் கட்டக்கூடாது. இன்னொன்று, காசு கட்டிப் படிக்கும் பொறியியல் பட்டங்கள் எல்லாம் ஒரே தரமில்லை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்காமல் ஒரு சதமும் கட்டாதீர்கள் என்றுதான் கேட்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். உங்கள் விடயத்தில் அந்தக் கேள்விக்கே அவசியமில்லை. பிள்ளை பொறியியல் வேண்டும் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன்; மாமா சொன்னார், பெரியம்மா சொன்னார், ரியூசன் சேர் சொன்னார் என்றுதான் இருக்கிறது.

மூன்றாம் தடவையும் வேண்டாம். கையில் வந்த பல்கலைக்கழக இடத்தை விட்டுவிட்டு, விருப்பமில்லாத துறைக்காக அதே பாடங்களை இன்னொரு வருடம் படிப்பது பிள்ளையின் மனதைத்தான் உடைக்கும்.

இனி அந்த வரைபுகளுக்கு வருவோம். பிள்ளை இரவில் பார்ப்பது பெரும்பாலும் டெஸ் என்ற நாசாவின் தொலைநோக்கி அனுப்பும் தரவாக இருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் ஏவப்பட்டது. நாலு கமராக்கள். வானத்தின் ஒரு பட்டையைச் சுமார் 27 நாள் விடாமல் பார்க்கும், பிறகு அடுத்த பட்டைக்குத் திரும்பும். அது தேடுவது வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை. கோளை நேரே காண முடியாது. நட்சத்திரத்துக்கு முன்னால் கோள் கடக்கும்போது வெளிச்சம் கொஞ்சம் குறையும், அந்தக் குறைவைத்தான் பிடிக்கிறார்கள். எவ்வளவு குறையும் என்பதை உங்கள் மகள் உயர்தரக் கணக்கிலேயே சொல்லிவிடுவார். வியாழனின் ஆரை சூரியனின் ஆரையில் பத்தில் ஒன்று, ஆகவே மறையும் பரப்பு நூறில் ஒன்று, வெளிச்சம் ஒரு வீதம் குறையும். பூமி மாதிரிச் சின்னக் கோள் என்றால் 0.008 வீதம்தான். அந்தச் சின்னப் பள்ளத்தை, நட்சத்திரத்தின் சொந்தத் துடிப்பிலிருந்தும் கருவியின் இரைச்சலிலிருந்தும் பிரித்தெடுப்பதுதான் வேலை.

இந்தத் தரவை யாரும் பூட்டி வைப்பதில்லை. நாசா அதைப் பொது மக்களுக்கே திறந்து விடுகிறது; காசு இல்லை, அனுமதி கேட்கவும் தேவையில்லை. தன்னார்வலர்கள் வரைபுகளைப் பார்த்துப் பள்ளங்களைக் குறிக்கும் பிளானட் ஹன்டர்ஸ் டெஸ் என்ற திட்டமும் இருக்கிறது. 2019இல் அமெரிக்காவில் கோடை விடுமுறைப் பயிற்சிக்கு வந்த 17 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர், அப்படித் தன்னார்வலர்கள் குறித்துவைத்த தரவைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டு சூரியன்களைச் சுற்றும் ஒரு கோளைக் கண்டார். டிஓஐ 1338 பி என்று அதற்குப் பெயர். ஆகவே உங்கள் மகள் செய்வது பொழுதுபோக்காகத் தொடங்கியிருந்தாலும், அது உண்மையான ஆய்வு வேலையின் முதல் படி.

விண்வெளித் தொலைநோக்கி என்றதும் நமக்கு அழகான வண்ணப் படங்கள்தான் ஞாபகம் வரும். அதன் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. வேலைகள் ஒளிந்திருப்பது அங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஹபிளை எடுங்கள். 1990 ஏப்ரலில் போனது, தரையிலிருந்து சுமார் ஐந்நூறு கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 95 நிமிடம், ஒரு நாளைக்குப் பதினைந்து சுற்று. (ஈர்ப்புப் பாடத்தில் படித்த சூத்திரத்தில் ஆரையைப் போட்டால் கிட்டத்தட்ட இந்த 95 வரும். மகளிடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.) ஒவ்வொரு சுற்றிலும் பெரும்பாலான இலக்குகளைப் பூமி கிட்டத்தட்டப் பாதி நேரம் மறைத்துவிடும். தென் அத்திலாந்திக்குக்கு மேல் கதிர்வீச்சு கூடிய ஒரு பகுதி உண்டு. அதைக் கடக்கும்போது அவதானம் செய்ய முடியாது. ஒவ்வொரு இலக்குக்கும் பக்கத்தில் வழிகாட்டி நட்சத்திரங்களைத் தெரிவு செய்து, அவற்றில் தொலைநோக்கியைப் பூட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் எந்த நிமிடம் எந்தக் கருவி எதைப் பார்ப்பது என்று கிழமைக் கணக்கில் அட்டவணை போட, அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். 2024 ஜூனிலிருந்து ஹபிள் திரும்பும் வேகத்தை அளக்கும் சுழல்காட்டி ஒன்றே ஒன்றை வைத்துத்தான் திசை திரும்புகிறது. அதனால் இலக்கு மாற நேரம் கூடுகிறது, செவ்வாயை விடக் கிட்ட உள்ளவற்றைப் பின்தொடர முடிவதில்லை. அட்டவணை போடுகிறவர்களுக்கு அது ஒரு புதிய கணக்கு.

படம் எடுத்தால் மட்டும் போதாது. உணரியின் மேல் அண்டக் கதிர்கள் விழுந்து வெள்ளைக் கீறல்களை விட்டுப் போகும். சில புள்ளிகள் கெட்டு, வெளிச்சமே இல்லாதபோதும் எரியும். அவற்றில் ஒரு பகுதியைச் சரிப்படுத்த மாதத்துக்கு ஒருமுறை உணரியைச் சூடாக்குகிறார்கள். மூடியை மூடிக்கொண்டு இருட்டை மட்டும் படம் பிடித்து, அந்த இருட்டை உண்மைப் படத்திலிருந்து கழிக்கிறார்கள். இதற்குத் தரங்கணித்தல் என்று சொல்லலாம். இதைச் செய்கிறவர்களின் பெயர் செய்தியில் வராது. அவர்கள் இல்லாமல் ஒரு கண்டுபிடிப்பும் வராது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இன்னொரு விதம். 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி நிற்கிறது. சூரியக் கவசம் எப்போதும் சூரியனை மறைத்தபடியே இருக்க வேண்டும் என்பதால், எந்த ஒரு நாளிலும் வானத்தின் நாற்பது வீதம் அளவுக்குத்தான் அதற்குத் திறந்திருக்கும். மேலே அனுப்பிய திட்டத்தில் ஓர் அவதானம் தவறினால், பூமியைக் கேட்டுக்கொண்டிராமல் அடுத்ததற்குத் தானே போய்விடும். கலிபோர்னியா, மட்ரிட், கன்பரா ஆகிய இடங்களில் உள்ள பெரிய அன்ரெனாக்கள் அதன் தரவை இறக்குகின்றன. அதில் நேரம் கேட்டு வரும் விண்ணப்பங்கள், கொடுக்கக்கூடிய நேரத்தைப் போலப் பல மடங்கு. விண்ணப்பிப்பவரின் பெயரும் நாடும் நிறுவனமும் மறைக்கப்பட்டே மதிப்பிடப்படுகின்றன. எழுதியவர் ஹார்வர்டா வந்தாறுமூலையா என்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியாது. எனக்கு இதில் உள்ள நியாயம் மிகவும் பிடிக்கும்.

நம் நாட்டிலிருந்து அந்த இடங்களுக்குப் போனவர்களும் உண்டு. இலங்கையில் பிறந்த ரே ஜயவர்தன, ஜேம்ஸ் வெப்பின் கருவிகளில் ஒன்றின் அறிவியல் குழுவில் இருப்பவர். பேராதனையில் பௌதிகவியல் படித்த சிவலிங்கம் சிவானந்தன், மேர்க்குரி கட்மியம் டெலுரைட் என்ற அகச்சிவப்பு உணரிப் பொருளில் உலகறிந்த ஆய்வாளர். வெப்பின் அண்மை அகச்சிவப்புக் கருவிகளில் இருக்கும் உணரிகளும் அந்த வகைப் பொருளால் ஆனவைதான். இருவரும் பௌதிகவியல் வழியாகப் போனவர்கள்.

சரி, இதைக் கேட்டுவிட்டு "மகள் நாசாவுக்குப் போகப்போகிறாள்" என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள். நாசாவின் நேரடி அரச வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் பெரும்பாலும் தன் உறுப்பு நாட்டவரையே எடுக்கும். பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும்தான் திறந்த வாசல், அங்கேயும் போட்டி கடுமை. கலாநிதிப் பட்டம் வரை போக வேண்டும், பத்து வருடம் பொறுமை வேண்டும்.

அப்படியானால் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? வழியில் எந்த இடத்தில் நின்றாலும் பிள்ளையின் கையில் தொழில் இருக்கும். இரைச்சலுக்குள் இருந்து ஒரு சின்ன மாற்றத்தைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவரை வங்கியின் தரவுப் பிரிவும் மென்பொருள் கம்பனியும் தேடும். வளிமண்டலவியல் திணைக்களத்தில் செய்மதிப் படங்களோடுதான் வேலை. முதுமாணியில் மருத்துவ பௌதிகவியல் எடுத்தால், புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சைப் பிரிவில் கதிரின் அளவைக் கணிக்கும் பொறுப்பு. தமிழ் மொழியில் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்க நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் அம்பாறை மாவட்டத்தில் எந்தப் பாடசாலை வேண்டாம் என்று சொல்லும்?

செலவைப் பாருங்கள். அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. தகுதி இருந்தால் மகாபொல உதவித்தொகை கிடைக்கும். வந்தாறுமூலையிலிருந்து வார இறுதியில் பஸ்ஸிலேயே வீட்டுக்கு வந்து போகலாம். முதல் வருடங்களில் நன்றாகச் செய்தால் நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்குப் போகலாம். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்க விடாதீர்கள், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு அந்த நாலாம் வருட ஆய்வு பெரிதும் உதவும்.

அப்புறம், பட்டம் முடித்ததும் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஐசிடிபி என்ற மையம் இருக்கிறது. பாகிஸ்தானிய பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கியது, நம்மைப் போன்ற நாடுகளின் பிள்ளைகளுக்காகவே. ஒரு வருட முதுநிலை டிப்ளோமா, அண்டவியலும் அதில் உண்டு. தெரிவானால் படிப்பும் தங்குமிடமும் அவர்கள் செலவு. அமெரிக்காவில் பௌதிகவியல், வானியல் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதப் படியும் தருவார்கள். இந்தத் துறையில் கலாநிதிப் படிப்புக்குக் காசு கட்டச் சொல்லி யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

உங்கள் மகளுக்கு உண்மையான தடை ஆங்கிலம். விஞ்ஞான பீடத்தில் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடக்கும், தமிழ் மொழி மூலம் படித்த பிள்ளைகள் முதல் அரையாண்டில் மூச்சுத் திணறுகிறார்கள். மூன்றாம் தடவைக்கு ரியூசனுக்குக் கொடுக்க நினைத்த காசை, பல்கலைக்கழகம் தொடங்கும் வரை நல்ல ஆங்கில வகுப்புக்குக் கொடுங்கள். அண்ணன் உதவ விரும்பினால், எட்டு ஜிபி நினைவகம் உள்ள நல்லதொரு லப்டொப் கேளுங்கள். அதற்கு மேல் வாங்காதீர்கள்.

பிள்ளையின் விருப்பம் உண்மையா என்று உங்களுக்கும் தெரிய வேண்டும், அது நியாயம். இதைச் செய்யச் சொல்லுங்கள். வாஸ்ப் 18 என்ற நட்சத்திரத்தின் டெஸ் தரவை இறக்கி, பைதன் என்ற கணினி மொழியில் வரைபு போடட்டும். அதைச் சுற்றும் கோள் 2009இல் அறிவிக்கப்பட்டது, ஒரு நாளுக்கும் குறைவான நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது, வெளிச்சம் சுமார் ஒரு வீதம் குறையும். 27 நாள் தரவில் கிட்டத்தட்ட இருபத்தெட்டுப் பள்ளங்கள் தெரிய வேண்டும், நடுவில் தரவு விடுபட்ட நாட்களைக் கழித்து. விடையை எங்கும் பார்க்காமல், நட்சத்திரத்தின் ஆரையை மட்டும் எடுத்துக்கொண்டு, சுற்றுக் காலத்தையும் கோளின் ஆரையையும் தானே கணித்து, உங்களுக்கும் கணவருக்கும் தமிழில் விளக்கட்டும். தரவைத் துப்புரவாக்குகிற சலிப்பான பகுதியில் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தால், துறையைப் பற்றி மேற்கொண்டு கேள்வி கேட்க வேண்டாம். அதில் சலித்து எழுந்துவிட்டாலும் பௌதிக விஞ்ஞான இடத்தை விடாதீர்கள். கணிதம், புள்ளிவிபரவியல் பக்கம் பாடங்களைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். எதுவானாலும் பதிவுக்கான கடைசித் திகதியைத் தவறவிடாதீர்கள்.