வாசகர் கேள்வி – பதில்: திம்புவில் குடும்பத்தோடு ஒரு நாள்

கேள்வி: விடுமுறையில் குடும்பத்துடன் பூட்டான் செல்கிறோம். தலைநகர் திம்புவில் ஒரு வார நாள் மட்டுமே தங்க முடிகிறது. எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும், பத்து வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். பயண முகவர் தந்த பட்டியலில் ஒன்பது இடங்கள் உள்ளன. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்: ஒன்பது இடங்களுக்கும் ஒரே நாளில் போய்வர முடியும். ஆனால், உங்கள் மாமியார் அவற்றில் பாதியை வண்டியில் உட்கார்ந்தபடியேதான் பார்ப்பார். நான்கு இடங்கள் போதும் என்பது என் உறுதியான கருத்து. அந்த நான்கையும் காலையிலிருந்து அடுக்காமல், மாலையிலிருந்து பின்னோக்கி அடுக்குங்கள். தவறவிடவே கூடாத தஷிச்சோ ஜோங் வார நாள்களில் அலுவலக நேரம் முடிந்த பிறகே பயணிகளுக்குத் திறக்கிறது. பட்டியலின் வரிசைப்படி காலையிலிருந்தே அலைந்தால், அந்த வேளையில் எல்லோரும் களைத்துப் போயிருப்பீர்கள்.

ஜோங் என்பது கோட்டையும் மடமும் ஒன்றாக அமைந்த கட்டடம். தஷிச்சோ ஜோங்கில் மன்னரின் அரியணை மண்டபமும் அலுவலகமும் ஒருபுறம் இருக்க, மறுபுறம் நாட்டின் தலைமைத் துறவியர் சபை கோடைக்காலத்தைக் கழிக்கிறது. குளிர்காலம் வந்ததும் அந்தச் சபை, முன்னாள் தலைநகரான புனாகாவுக்கு இடம்பெயர்ந்துவிடும். 1961-ல் திம்பு தலைநகரானதை ஒட்டி, மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் இந்த ஜோங்கை விரிவாகப் புதுப்பித்தார். எழுதிய வரைபடமோ இரும்பு ஆணியோ இல்லாமல், மரபுவழிக் கைவினைஞர்களின் அறிவைக் கொண்டே அந்த வேலை நடந்தது. ஓர் அரசு இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் முற்றத்தில் பிள்ளைகளோடு நடந்து செல்லும் வாய்ப்பு எளிதில் அமையாது. மாலையில் தேசியக் கொடியை இறக்கும் சடங்கைப் பார்க்கும்படி சற்று முன்னதாகவே போய்விடுங்கள். முழுக்கைச் சட்டையும் கால்களை முழுவதும் மறைக்கும் உடையும் அவசியம். தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். கோயில்களின் உள்ளே படம் எடுக்கக் கூடாது.

காலையை நினைவுச் சோர்ட்டெனில் தொடங்குங்கள். மறைந்த மூன்றாம் மன்னரின் நினைவாக 1974-ல் எழுப்பப்பட்ட வெண்ணிறத் தூபி அது. ஊரின் முதியவர்கள் பலர் அங்கு வந்து, மணிமாலையை உருட்டியபடி வலமாகச் சுற்றி வருவார்கள். களைத்தால் பெரிய வழிபாட்டு உருளைகளின் அருகே அமர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் மாமியாருக்கு அந்த இடம் அந்நியமாகத் தோன்றாது என்று நம்புகிறேன். அவர் விரும்பும் அளவு நேரத்தை அங்கே கொடுங்கள்.

அடுத்து, நகரின் தெற்கே குன்றின்மேல் அமர்ந்திருக்கும் புத்தர் டோர்டென்மா. பொன்முலாம் பூசிய 51.5 மீட்டர் உயர வெண்கலச் சிலையான அதன் உள்ளே, 1,25,000 சிறிய புத்தர் உருவங்கள் வைக்கப்பட்டுள்ளன. வண்டி மேலே வரை செல்வதால் முதியவர்களுக்குச் சிரமம் இல்லை. பள்ளத்தாக்கில் நீண்டு கிடக்கும் நகரம் முழுவதும் அங்கிருந்து தெரியும். மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரமாவது விடுதியில் ஓய்வெடுங்கள். திம்புவின் உயரம் சுமார் 2,300 மீட்டர், அதாவது உதகமண்டலத்தைவிடச் சற்றே அதிகம். பெரும்பாலோருக்கு இது அஞ்ச வேண்டிய உயரம் அல்ல. ஆனாலும் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும்.

நாட்டுப்புற மரபு அருங்காட்சியகம் நல்ல இடம்தான். இருந்தாலும் அது மூன்றடுக்குப் பழைய வீடு. மாடிக்கு ஏணி போன்ற செங்குத்தான மரப்படிகளில் ஏற வேண்டியிருக்கும் என்பதால் இம்முறை விட்டுவிடலாம்.

கேள்வி: நான்காவது இடம் பிள்ளைகளுக்காக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். கோயில்களையே பார்த்துச் சலித்துப்போகாமல் இருக்க அவர்களை எங்கே அழைத்துச் செல்லலாம்?

பதில்: ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், அஞ்சலகம். குடும்பப் படத்தை அங்கே தபால்தலையாக அச்சிட்டுத் தருகிறார்கள்; அதை ஒட்டி அனுப்பும் அட்டை உண்மையாகவே வீடு வந்து சேரும். இசைத்தட்டுக் கருவியில் வைத்தால் ஒலிக்கும் தபால்தலைகளை 1972-லேயே வெளியிட்ட நாடு இது. பிள்ளைகள் தங்கள் கையாலேயே முகவரி எழுதட்டும்.

விலங்குகளில் ஆர்வம் இருந்தால், மோதித்தாங் பகுதியில் டாக்கின் காப்பகம் உள்ளது. முன்பு அது சிறு விலங்குக் காட்சிச்சாலையாக இருந்தது. உயிர்களை அடைத்துவைப்பது பௌத்த நாட்டுக்குப் பொருந்தாது என்று விலங்குகளைத் திறந்துவிட்டார்கள். பழகிப்போன டாக்கின்கள் காட்டுக்குப் போகாமல் தீவனம் தேடித் தெருவில் திரியவே, அவற்றுக்காக மரங்கள் நிறைந்த இடத்தை வேலியிட்டு ஒதுக்கினார்கள். துறவி ட்ருக்பா குன்லே, ஆட்டின் தலையை மாட்டின் எலும்புக்கூட்டில் பொருத்தி இந்த விலங்கைப் படைத்தார் என்ற கதையை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பிள்ளைகள் அதை வெகு நேரம் உற்றுப் பார்ப்பார்கள். ஆடா மாடா என்று சொல்ல முடியாத அந்த உருவம்தான் பூட்டானின் தேசிய விலங்கு.

போகும் வழியில் சாங்லிமித்தாங் மைதானத்தின் பக்கம் வில்வித்தை நடந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். 145 மீட்டர் தொலைவில் உள்ள சிறிய மரப்பலகையை அம்பு தைத்ததும் வீரர்கள் பாடி ஆடுவார்கள். போக்குவரத்து விளக்கே இல்லாத தலைநகரம் இது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். நார்சின் லாம் சாலைச் சந்திப்பில், அழகிய சிறு மண்டபத்தில் நின்று கையசைக்கும் காவலரை அவர்களே கண்டுபிடித்துக் காட்டுவார்கள்.

கேள்வி: உணவும் ஆவணங்களும் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பதில்: எமா தாட்சி என்ற தேசிய உணவில் மிளகாயே காய்கறி, பாலாடைக்கட்டியோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கில் செய்யும் கேவா தாட்சியும் சிவப்பரிசிச் சோறும் கேளுங்கள். பெரியவர்கள் கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ எடுத்துச் செல்ல வேண்டும், ஆதார் செல்லாது. கடவுச்சீட்டு இல்லாத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவை. இந்தியர்களுக்கான நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். உங்கள் மூத்த பிள்ளைக்கு அதில் பாதி; இளையவருக்குக் கட்டணம் இல்லை. பூட்டான் நேரம் நம் நேரத்தைவிட அரை மணி முன்னால் ஓடுவதால், போய் இறங்கியவுடன் கைக்கடிகாரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.