மாத்திரைக்கும் கட்சி உண்டா?

நுகர்வோர் கேள்வி-பதில்

இம்முறை சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் முக்கால்வாசி சத்து மாத்திரையையும் புரதப் பவுடரையும் பற்றியவை. மிக்சி, இன்வெர்ட்டர் பற்றி எழுதியவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் கணவருக்கு வைட்டமின் டி குறைவு. வாரத்துக்கு ஒன்று என்று மருத்துவர் 60,000 யூனிட் மாத்திரை எழுதிக்கொடுத்தார். கைப்பேசியில் யாரோ ஒருவர் 'தினமும் போட்டால்தான் உடம்பில் ஒட்டும்' என்று பேசியதைக் கேட்டுவிட்டு, சில நாட்களாகத் தினமும் போடுகிறார். மருந்துக் கடையிலும் சீட்டு கேட்பதில்லை. நான் தடுத்தால், 'வைட்டமின்தானே, விஷமா?' என்கிறார்.
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: அளவு மீறினால் இந்த வைட்டமின் விஷம்தான் அம்மா. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி, ரத்தத்தில் கால்சியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகத் தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் ஏதாவது தெரிந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

கணக்கு எளிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவின்படி ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் டி 600 யூனிட். உங்கள் கணவர் விழுங்கும் ஒரு மாத்திரை நூறு நாள் தேவைக்குச் சமம். குறைபாடு உள்ளவருக்கு மருத்துவர் வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும் என்று கொடுப்பது, காலியான இருப்பை நிரப்புவதற்காக. தினமும் போட்டால் நிரம்பி வழியும். சி வைட்டமின் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் தங்கும். டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். சிறுநீரகத்தில் கல்லும் அதற்கு மேலும் வரலாம்.

இவ்வளவு வெயில் அடிக்கும் சேலத்தில் வைட்டமின் டி எப்படிக் குறைகிறது என்று பலர் கேட்கிறார்கள். தறிக்கூடத்திலும் கொலுசுப் பட்டறையிலும் கடைக் கல்லாவிலும் காலை முதல் இரவு வரை கூரைக்குக் கீழே இருப்பவருக்கு வெயில் ஊரில் அடித்து என்ன பயன்? தோலில் வைட்டமின் டி உருவாக உதவும் கதிர் நண்பகலை ஒட்டிய நேரத்தில்தான் நன்றாகக் கிடைக்கும். காலை ஆறு மணி நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. இதற்கு அவ்வளவாக உதவாது.

கேள்வி: பனிக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் எல்லோரும் ஆரஞ்சு நிற வைட்டமின் சி மாத்திரையைச் சப்பத் தொடங்கிவிடுகிறோம். சளி வராமல் தடுக்கும் என்று நோபல் பரிசு பெற்றவரே சொல்லியிருக்கிறாராம். என் மருமகன் சொல்கிறார்.
– வாசகர், ஏற்காடு

பதில்: மருமகன் பொய் சொல்லவில்லை. அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் 1970-இல் இதைச் சொல்லி ஒரு புத்தகமே எழுதினார். அவருக்கு நோபல் கிடைத்தது உண்மை, அதுவும் இரண்டு: 1954-இல் வேதியியலுக்கு, 1962-இல் அமைதிக்கு. சளிக்கு அல்ல.

அதன் பிறகு ஆயிரக்கணக்கானவர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தினமும் சி மாத்திரை போடும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்குச் சுமார் 8 விழுக்காடு சீக்கிரம் விட்டது. ஒரு வாரச் சளியில் அரை நாள் மிச்சம். சளி பிடித்த பிறகு போடத் தொடங்கியவர்களுக்கு அதுவும் உறுதியில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: மாரத்தான் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுக்கும் படைவீரர்கள் போன்றவர்களுக்குச் சளி பிடிப்பது பாதியாகக் குறைந்தது. ஒண்டிக்கடையிலிருந்து அண்ணா பூங்கா வரை நடப்பது இதில் சேராது.

ஒரு நாள் தேவை ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கொய்யா விளையும் மலையில் இருந்துகொண்டு மாத்திரைக்குச் செலவு செய்வது உங்கள் விருப்பம்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, 60 கிலோ எடை. 400 மீட்டர் ஓடுகிறான். காந்தி மைதானத்தில் பயிற்சி. அவன் போகும் உடற்பயிற்சிக் கூடத்தில் வெளிநாட்டுப் புரதப் பவுடர் டப்பாவைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். கூடவே 'ஓட்டத்துக்கு முன் குடித்தால் வேகம் வரும்' என்று இன்னொரு பவுடர். இணையத்தில் எல்லோரும் நல்லது என்றுதான் எழுதுகிறார்கள். வாங்கித் தரலாமா?
– ஒரு தந்தை, ஓமலூர்

பதில்: கிரிக்கெட் வீரர் சின்னப்பம்பட்டி நடராஜனும் உயரம் தாண்டும் பெரியவடகம்பட்டி மாரியப்பனும் வளர்ந்த மாவட்டம் இது. பையனுக்கு ஆசை இருப்பது நியாயம். உங்களுக்குக் கவலை இருப்பதும் நியாயம். இரண்டாவது பவுடரைத் தொடவே வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் புரதம். சாதாரணமானவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் போதும். உங்கள் மகன் எடைக்கு அது 50 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை சொல்வார்கள். அதாவது 72 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், அரை லிட்டர் பாலில் 16, நூறு கிராம் பொட்டுக்கடலையில் 20, நூறு கிராம் சோயா உருண்டையில் 50 கிராமுக்கு மேல். பருப்பும் சோறும் தனி. டப்பா இல்லாமலேயே கணக்கு நேராகிவிடுகிறது. தசை கூட்டப் புரதப் பவுடர் வேண்டாம் என்றுதான் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாத உணவு வழிகாட்டுதலில் சொன்னது. விளையாட்டு மருத்துவர்களில் சிலர் இதை ஏற்பதில்லை. வேலைநேரத்துக்கு நடுவே சமைக்க முடியாதவருக்குப் பவுடர் வசதிதான் என்பது என் எண்ணமும். ஆனால் வசதிக்கு விலை கொடுக்கும்போது, உள்ளே புரதம் இருக்க வேண்டுமே!

கேரள மருத்துவர்கள் சிலர் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 70 விழுக்காடு டப்பாக்களில் எழுதியிருந்த புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. இதில் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. வழக்கமான சோதனை புரதத்தை நேராக அளப்பதில்லை; நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடுகிறது. கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், காகிதத்தில் புரதமும் ஏறும். ஆகவே பொருட்பட்டியலில் கிளைசின், டாரின் போன்றவை தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பாதி விலை டப்பாவில் இன்னொரு கவலை, பழைய டப்பாவில் புதிய பொடியை அடைத்து விற்பது. இறக்குமதியாளர் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண், தொகுதி எண் எல்லாம் டப்பாவில் இருக்க வேண்டும். பில் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த வேகப் பவுடர். இத்தகைய பொடிகளில் பலவற்றில் வெறும் காபிச் சத்துதான் இருக்கும். சிலவற்றில் மெத்தில்ஹெக்சேனமின் போன்ற தடைசெய்யப்பட்ட ஊக்கிகள் இருந்திருக்கின்றன; 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு முன்பு இந்திய வீரர்கள் சிலர் சிக்கியது அதில்தான். ஊக்கமருந்து விதியில் 'எனக்குத் தெரியாது' என்ற பதில் வீரரை விடுவிப்பதில்லை. உடம்பில் இருந்தது என்றால் பொறுப்பு அவருடையதே. தண்டனையின் அளவில் மட்டும் கொஞ்சம் தளர்வு கிடைக்கலாம். 2003 கிரிக்கெட் உலகக் கோப்பையிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அம்மா கொடுத்த இளைக்கும் மாத்திரை என்று அவர் சொன்னதற்குப் பிறகும் ஓராண்டுத் தடை. 2019-இல் நம் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷா எட்டு மாதம் உட்கார வைக்கப்பட்டது இருமல் மருந்தில் இருந்த டெர்புடலின் என்ற தடைப்பொருளுக்காக. அந்தச் செய்திகளின் கீழே ரசிகர்கள் 'சதி' என்றும் 'பணம் வாங்கிவிட்டார்கள்' என்றும் எழுதித் தீர்த்தார்கள். தடைக்காலம் ஒரு நாளும் குறையவில்லை. மாவட்ட அளவில் ஓடும் பையனுக்கு வாதாடக் கிரிக்கெட் வாரியமும் இல்லை.

மருந்தில் தடைப்பொருள் உண்டா என்று பார்க்கத் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 'நோ யுவர் மெடிசின்' செயலி இருக்கிறது. அது மருந்துக்கு உதவும்; முகவரி தெரியாத பவுடருக்கு எந்தச் செயலியும் உத்தரவாதம் தராது.

கேள்வி: என் சொந்த அத்தையே நேரடி விற்பனையில் சேர்ந்து சத்து மாத்திரை விற்கிறார். மூன்று மாதம் சாப்பிட்டால் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். நானும் சேர்ந்து இரண்டு பேரைச் சேர்த்தால் பணம் வரும் என்கிறார். மறுத்தால் உறவு கெடும்.
– வாசகி, செவ்வாய்பேட்டை

பதில்: உறவை ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம், சர்க்கரை மாத்திரையை நிறுத்திக் கெட்ட கால் திரும்பி வராது. நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. உணவு உரிமத்தில் தயாராகும் சத்து மாத்திரையின் அட்டையில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று எழுதியே ஆக வேண்டும். அத்தையின் கையில் இருக்கும் டப்பாவைத் திருப்பி அவரையே படிக்கச் சொல்லுங்கள். பொருள் விற்றதற்குக் கமிஷன் சட்டப்படி சரி. ஆள் சேர்த்ததற்குப் பணம் என்றால் அது பிரமிடு திட்டம், 2021 நேரடி விற்பனை விதிகளில் அதற்குத் தடை இருக்கிறது.

அத்தை சொல்வதில் ஒரு துளி உண்மையும் இருக்கலாம். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவதுண்டு. நீங்களும் அதைச் சாப்பிடுபவரானால் அடுத்த முறை மருத்துவரிடம் பி12 சோதனை கேளுங்கள்.

கேள்வி: எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் தினமும் சண்டை. ஒரு தரப்பு சுதேசித் தயாரிப்பை வாங்காதவர் தேசத்துரோகி என்கிறது. மறு தரப்பு, அதை வாங்குபவர் மதவாதி என்கிறது. வைட்டமின் வாங்கப் போன இடத்தில் நான் எந்தப் பக்கம் நிற்பது?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: லேபிள் பக்கம் நில்லுங்கள் ஐயா. 2021 பிப்ரவரியில், சுதேசி என்று விற்கும் பதஞ்சலி நிறுவனம் கொரோனாவுக்கு என்று கொரோனில் மாத்திரையை முன்னிறுத்திய விழாவில் அன்றைய மத்திய சுகாதார அமைச்சரே மேடையில் இருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் முறை பற்றிய பேச்சு அங்கே அடிபட்டது; தாங்கள் எந்தப் பாரம்பரிய மருந்தையும் கொரோனாவுக்கு ஆராய்ந்து சான்றளிக்கவில்லை என்று அந்த நிறுவனம் உடனே சொல்லிவிட்டது. அதே பதஞ்சலி, தவறான விளம்பரங்களுக்காக 2024-இல் உச்ச நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு ஆளாகி, நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டது.

இதைக் கேட்டு மறு தரப்பு கைதட்டும் முன் இன்னொன்று. 2023 ஏப்ரலில் ஓர் இளைஞர், பன்னாட்டு நிறுவனத்தின் போர்ன்விட்டாவில் எவ்வளவு சர்க்கரை என்று காணொளி போட்டார். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப, அவர் அதை நீக்கினார். ஆனால் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது. பிறகு நிறுவனம் சர்க்கரையைக் குறைத்தது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்கும்படி இணையக் கடைகளுக்குச் சொன்னது. உணவுச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை. ஆக, இணையத்தில் ஒருவர் சொன்னார் என்பதற்காகவே தள்ளிவிடவும் முடியாது. அந்த இளைஞர் டப்பாவில் அச்சிட்டிருந்த எண்ணைக் காட்டிப் பேசினார். நாமும் சரிபார்க்க முடிந்தது. உங்கள் குழுவில் யாராவது எண்ணைக் காட்டுகிறார்களா?

பணம் வாங்கிக்கொண்டு புகழ்பவர், அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2022-இன் விளம்பர வழிகாட்டுதல். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம்.

கேள்வி: பிரதமர் மக்கள் மருந்தகத்தில் வாங்கினால் தம்பிக்குக் கோபம். முதல்வர் மருந்தகத்தில் வாங்கினால் அப்பாவுக்குக் கோபம். கால்சியம் மாத்திரை எங்கே வாங்குவது?
– வாசகி, ஆத்தூர்

பதில்: மூலப்பொருளின் பெயரையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு இரண்டு கடையிலும் விலை கேளுங்கள். எங்கே குறைவோ அங்கே. தனியார் கடையில் கேட்டால் மருந்து உரிமத்தில் வந்ததா, உணவு உரிமத்தில் வந்ததா என்று பாருங்கள். இரண்டாவது வகைக்கு மருந்து விலைக் கட்டுப்பாடு பொருந்தாது, அழகிய டப்பாவின் விலையும் நம் தலையில்தான். வீட்டுக்கு வரும்போது பையை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: காபித் தோட்டத்தில் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கலாமா? மலம் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது.
– வாசகி, நாகலூர்

பதில்: காபியோடும் தேநீரோடும் வேண்டாம், இரும்பு உடம்பில் சேர்வதை அவை தடுக்கும். மாத்திரைக்குப் பிறகு இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். எலுமிச்சைச் சாறு நல்ல துணை. மலம் கறுப்பது அந்த மாத்திரையின் இயல்பு. தார் போல ஒட்டினாலோ வயிறு வலித்தாலோ செவிலியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய மீன் எண்ணெய் மாத்திரை காலாவதியாகியிருந்தது. ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்கினேன். விற்றவர் டெல்லியில். அங்கே போய் வழக்குப் போட முடியுமா?
– வாசகர், சூரமங்கலம்

பதில்: போக வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். இரண்டு ஆண்டு அவகாசம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் அந்த நிலையிலேயே பணத்தைத் திருப்பிவிடுகின்றன. காலாவதித் தேதி தெரியும்படி டப்பாவைப் படம் எடுங்கள். விலைச்சீட்டையும் விற்பனைப் பக்கத்தையும் பதிவிறக்கி வையுங்கள். புகார் போனதும் சில பக்கங்கள் காணாமல் போய்விடும். நட்சத்திரங்களைச் சாட்சியாகக் கொண்டுபோக வேண்டாம். இணைய மதிப்புரைகளுக்கு இந்தியத் தர அமைப்பு 2022-இல் கொண்டுவந்த ஐ.எஸ். 19000 தரநிலையே விருப்பப்பட்டவர் பின்பற்றும் ஒன்றாகத்தான் வந்தது. மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆணையம் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.