பெயின்ட்பால் துப்பாக்கி: வாங்கும் முன்னும் பின்னும்

கேள்வி: பெயின்ட்பால் துப்பாக்கியில் வெடிமருந்து உண்டா?

பதில்: கிடையாது. சாயக் குண்டால் ஒருவரையொருவர் சுட்டு ஆடும் விளையாட்டுக்கான துப்பாக்கி இது. எல்லாம் காற்றழுத்தம்தான். விசையை இழுத்ததும் வால்வு கண்ணிமைக்கும் நேரம் திறந்து மூடும். அப்போது பீறிடும் அழுத்தக் காற்றோ கார்பன் டை ஆக்சைடோ குண்டைக் குழல் வழியே தள்ளும். குண்டு மருந்து கேப்ஸ்யூல் மாதிரி: ஜெலட்டின் தோல், உள்ளே தண்ணீரில் கரையும் சாயம். எடை சுமார் 3 கிராம்.

கேள்வி: செட்டோடு ஒரு கண்ணாடி இலவசமாகக் கொடுத்தார்கள். அதுவே போதுமா?

பதில்: போதாது. இந்த 'இலவசக் கண்ணாடி' வியாபாரத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. தூசிக்குப் போடும் கண்ணாடியைத் துப்பாக்கியோடு சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். குண்டு விநாடிக்கு 300 அடி, அதாவது மணிக்கு சுமார் 330 கிலோமீட்டர் வேகம் வரை பாயும். பெரிய பந்து பட்டால் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு தாங்கிக்கொள்ளும். இந்தக் குண்டின் விட்டமோ 17 மில்லிமீட்டர்தான். நேராக விழியிலேயே இறங்கும். பார்வை போனால் எந்தக் கடைக்காரர் திருப்பித் தருவார்? கண், காது, வாய் மூன்றையும் மூடும் பெயின்ட்பால் முகக்கவசமாக, ஏ.எஸ்.டி.எம். எஃப் 1776 (பெயின்ட்பால் கண் பாதுகாப்புக்கான தரம்) என்ற தரக்குறிப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆவி படிகிறது என்று மைதானத்தில் கழற்றுகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். அதனால் இரட்டை அடுக்கு லென்ஸாகவே கேளுங்கள். லென்ஸில் கீறல் விழுந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பழைய சிலிண்டர் ஒன்று வாங்கினேன். சோதனைக் காலம் முடிந்தது என்று கேஸ் நிரப்ப மறுக்கிறார்கள். விற்றவர் சொல்லவே இல்லை.

பதில்: உங்கள் மேல் தவறில்லை. எனக்கும் ஒருவர் பளபளவென்று புது பெயின்ட் அடித்து விற்றார். சுரண்டிப் பார்த்தால் அடியில் காலாவதியான தேதி முத்திரை! பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், விடாதீர்கள். பெரும்பாலான சிலிண்டர்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். இன்னொன்று: சிலிண்டருக்கும் வால்வுக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். துப்பாக்கியிலிருந்து கழற்றும்போது இரண்டும் சேர்ந்தே சுழல வேண்டும். கோடு விலகினால் உடனே கையை எடுத்துவிடுங்கள். வால்வு தனியே கழன்று சிலிண்டர் பறந்து உயிர்ப்பலியே நடந்திருக்கிறது.

கேள்வி: குண்டை ஃப்ரீசரில் வைத்தால் நன்றாக வலிக்குமாமே?

பதில்: தோல் நொறுங்கிக் குழலுக்குள்ளேயே உடையும். அடுத்தவருக்கு வலிக்க வேண்டும் என்றால் விளையாட வராதீர்கள்.

கேள்வி: வாங்கிய அன்றே வேகத் திருகைக் கூட்டினேன். மைதானத்தில் அனுமதிக்கவில்லை. கடைக்காரரும் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: ஏன் எடுக்க வேண்டும்? கையேட்டைப் படிக்காமல் திருகியது நீங்கள். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் சுட்டுப் பார்த்து, மைதானம் சொல்லும் அளவுக்கு இறக்குங்கள். பல இடங்களில் அது விநாடிக்கு 280 அடி. கார்பன் டை ஆக்சைடு என்றால் வெயில் ஏறியதும் அழுத்தமும் ஏறும். அப்புறம் மறுபடி அளக்க வேண்டும்.

கேள்வி: குழல் முனைக்கு உறை அவசியமா?

பதில்: ஆம். ஆட்டம் நின்ற நொடியிலிருந்து மாட்டியே இருக்கட்டும்.